கண்ணாடி சூடு ஆறும் வரை

போன வருஷம் வரை, கித்தேரியம்மாள் தெருவில் ரெஜினாள் வீட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால், அணைந்த திரையின் கண்ணாடியில், அதன் சூடு ஆறுகிற வரைக்கும், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியும். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்களே தவிர, தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் இது ஒன்றும் பெரிய அதிசயமில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ரெஜினாள் வீட்டில் கண்ணாடி பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரெஜினாளின் புருஷன் கஸ்பார் தோணியில் இஞ்சின் டிரைவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போன தோணி திரும்பி வரும்போது, அங்கே ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றி, வெங்காயச் சருகுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கினார். தெருவில் அதுவரை ஒருத்தர் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு தெருவே வந்துவிட்டது; பங்குச்சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார், பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டன, பத்துக்குப் பத்து அறையில் நாற்பது பேர் நின்றார்கள். மூத்தவன் டெரன்ஸுக்குப் பதினாறு வயது, ஒயர்களை எல்லாம் அவனே செருகினான். சுவிட்சுப் பெட்டி மேசைக்கு அடியில் தரையை ஒட்டி இருந்தது. அத்தனை நெரிசலில் அங்கே நுழைகிற அளவுக்குச் சின்னதாக அந்த வீட்டில் இருந்தது ஒன்பது வயசுத் தங்கச்சி பெனிட்டா மட்டும்தான்.

"பெனி, நீ உள்ள போய் சுவிட்சுல கை வச்சுக்கிட்டு இரு. நான் சொல்லும்போதுதான் போடணும், என்ன?"

அவன் "போடுட்டி" என்றான், அவள் போட்டாள், மேலே நாற்பது பேரும் "ஆ" என்றார்கள். பெனிட்டாவுக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பது ஜோடிக் கால்கள்தான். கால்களை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வருவதற்குள் பார்க்க வேண்டியதை எல்லாரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில், டெரன்ஸ் செத்துப்போனான். அந்தக் கதை தெருவுக்கே தெரியும், ரெஜினாளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மத்தியானம் மீன் வாங்கிக்கொண்டு வந்தவள், பையன் புஸ்தகத்தைத் தொடாமல் கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எழுந்திரு என்றாள், ஒரு நிமிஷம்மா என்றான், மறுபடி எழுந்திரு என்றாள், மறுபடி ஒரு நிமிஷம். மூன்றாவது தடவை அவள் பேசவில்லை. மீன் பையை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து போய் சுவிட்சைப் பட்டென்று அணைத்தாள். அவள் வெளியே வருவதற்குள் அவன் எழுந்து நடந்துவிட்டான். வாசலைத் தாண்டுகிற முதுகைத்தான் பார்த்தாள். நேராகக் கூட்டாளிகளோடு கடலுக்குக் குளிக்கப் போனான். மூன்றாம் நாள் கரை ஒதுங்கியபோது, முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று சவப்பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். அந்தச் சுவிட்சை இனிமேல் தொடுவதில்லை என்று ரெஜினாள் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள்.

ஏழு வருஷம் அது சேலைக்குள்ளேயே இருந்தது. பெனிட்டா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்த பிறகு, அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துத் திறந்தாள். கடல் காற்று சும்மா விடுமா? போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு, திருகெல்லாம் துரு, உள்ளே இன்னும் வெங்காய வாசம். பழைய பல்விளக்கி பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள், மெமரித் துண்டை உருவிப் பள்ளிக்கூட ரப்பரால் அழித்துப் பளபளப்பாக்கினாள், உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதுசு வைத்துப் பற்றவைத்தாள். ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் மத்தியானம் அது எழுந்து உட்கார்ந்தது. இனி அணைக்கலாம் என்று திரை ஆரஞ்சு எழுத்தில் சொன்னதும் பெனிட்டா மேசைக்கு அடியில் போய், சுவிட்சில் கை வைத்து அணைத்தாள். அந்த நேரம் பார்த்துத் துணி வாளியோடு உள்ளே வந்த ரெஜினாள் வாளியைப் போட்டுவிட்டு நின்றாள்.

"கையை எடுக்காத, எடுக்காத" என்று மட்டும் கத்தினாள். எதற்கென்று தெரியாமலே பெனிட்டா கையை எடுக்காமல் இருந்தாள். பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாண ஜெபத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். அப்புறம் அம்மாவின் கால்கள் மடங்கித் தரையில் உட்கார்ந்தன.

கண்ணாடி கண்ணை முழித்து முதலில் பார்த்தது அந்த நாற்பது பேரைத்தான். பார்த்ததை அது வைத்திருந்தது. அவர்கள் அசைவார்கள், சிரிப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் இடிப்பார்கள், சத்தம் மட்டும் வராது. எல்லாருடைய கண்ணும் இந்தப் பக்கம்தான் பார்க்கும், ஏதோ நாம்தான் அவர்களுக்குக் காணாததைக் காட்டிவிட்ட மாதிரி. நடுவில் டெரன்ஸ், ஓரத்தில் கஸ்பார், தீர்த்தச் செம்போடு பழைய பங்குச்சாமியார்.

தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? சீனி கேட்க வந்த சலேத்தம்மாள், செத்த புருஷன் கண்ணாடிக்குள் மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சீனி வாங்காமலே போனாள்; மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் என்ன, வழக்கம் ஒன்று ஏற்பட்டுவிட்டது. அன்றைக்கு யார் எங்கே நின்றார்களோ அவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும், தரையில் சாக்பீஸால் குறி. செத்தவர்கள் இடத்தில் பெற்ற பிள்ளை நிற்கலாம், மருமகன் நிற்பதென்றால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சூடு ஆறுகிற நேரத்தை அளக்க எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். சொல்லி முடிந்தால் கண்ணாடி கறுத்துவிடும் என்பதால் வருஷம் ஆக ஆக அதை இழுத்து இழுத்துச் சொல்லப் போய், கடைசியில் அந்தத் தெருவுக்கென்றே ஒரு ராகம் வந்துவிட்டது. பூசையில் அந்த ராகத்தைக் கேட்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். புதுப் பங்குச்சாமியார் ஒரு சனிக்கிழமை வந்து, தனக்கு முந்திய சாமியார் தீர்த்தம் தெளிப்பதைக் கடைசிவரை பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை, பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பு நேரத்தில் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கடலில் இருந்தேன் என்று பெண்டாட்டியிடம் சாதித்துக்கொண்டிருந்த மிக்கேல், சட்டைப்பையில் சீட்டுக்கட்டோடு ஜன்னல் பக்கம் நிற்பது தெருவுக்கே தெரிந்துபோனது. அவர் இன்றைக்கும் அது தன் தம்பி என்கிறார்.

ரொசாலியைப் பற்றிச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. குழாயடிச் சண்டையில் ரெஜினாளோடு பேச்சில்லாததால் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, புருஷன் மட்டும் வந்தான். பின்னால் அவன் போன படகு திரும்பவே இல்லை. கண்ணாடிக்குள் அவன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருக்கும். சனிக்கிழமை தவறாமல் ரொசாலி வந்து அந்த இடத்தில் நிற்பாள். கண்ணாடியில் அவள் விழமாட்டாள், தெரிந்தும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள்.

எல்லாம் சரி, பெனிட்டா? அவள் மேசைக்கு அடியில் இருந்தாள். வேறு யார் கை பட்டாலும் கண்ணாடி வெறும் கறுப்புத்தான். சலேத்தம்மாள் மகன் அணைத்துப் பார்த்தான், மிக்கேல் அணைத்துப் பார்த்தார், சாமியார்கூட ஒரு தடவை அங்கியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் போட்ட கைதான் அணைக்க வேண்டும், அணைத்த கை சுவிட்சிலேயே இருக்கவும் வேண்டும், எடுத்தால் அந்த நிமிஷமே போய்விடும். ஒயரை நீட்டிச் சுவிட்சை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள், வரவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி மாட்டி அடியிலிருந்தே எட்டிப் பார்த்தாள்; அதில் இப்போது நிற்கிறவர்கள்தான் தெரிந்தார்கள், வாயைத் திறந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. தெருவே வாராவாரம் டெரன்ஸைப் பார்த்தது, கூடப் பிறந்தவள் ஒரு தடவை பார்க்கவில்லை.

அவளுக்கு அவன் முகம் மறந்துபோயிருந்தது. வீட்டில் இருந்தது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மையின்போது எடுத்த ஒரே போட்டோ, அதில் அவனுக்குப் பத்து வயசு, மெழுகுதிரி முகத்தில் பாதியை மறைத்தது. பெட்டியை மூடியே அடக்கம் செய்ததால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "எப்படிம்மா இருக்கான்?" என்று மேசைக்கு அடியிலிருந்து கேட்பாள். "அப்படியே இருக்காண்டி, எம்புள்ள அப்படியே நிக்கான்" என்பாள் ரெஜினாள். எப்படியென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்தால் போதும் என்று பெனிட்டாவுக்கு இருந்தது, அதை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். அதுதான் நடக்கிற காரியமில்லையே என்று எல்லாரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் சரியாக ஆறரைக்கு வந்து நின்றார்கள்.

அதனால்தான் அவள் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தாள். ஈரம் ஏறக்கூடாதென்று உள்ளே எப்போதும் ஒரு சின்ன பல்பு எரியவிட்டாள். மதுரையில் காயலான் கடைகளில் கிடந்த செத்த கம்ப்யூட்டர்களைக் கிண்டி ஒன்றிலிருந்து பவர் பெட்டி, ஒன்றிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், ஒன்றிலிருந்து விசிறி என்று கொண்டுவந்து மாட்டினாள். மஸ்கட் மாப்பிள்ளை ஒருத்தர் வந்தார், நல்ல மனுஷன். பெண் மஸ்கட் போய்விட்டால் சனிக்கிழமை யார் அணைப்பது என்று தெருவே முகத்தைத் தொங்கப்போட்டதில் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. ரெஜினாள் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பெனிட்டாவுக்கு அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் உண்டு. ஊரில் இன்வெர்ட்டர் ரிப்பேர்க் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு முப்பத்தி நாலு வயசாகிவிட்டது.

போன வருஷம் மார்ச்சில் படம் மங்கத் தொடங்கியது. மதுரையில் பிக்சர் டியூப் வேலை தெரிந்த கடைசி ஆளான கமர்தீன் பாயை வண்டி வைத்துக் கூட்டிவந்தாள். அவர் பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டியூபோட கழுத்துல கீறல் விழுந்திருக்கும்மா. உள்ள காத்து ஏறுது. இன்னும் ஒரு தடவை சூடேறும். ஆறும்போது பட்டுன்னு போயிரும்."

"வேற டியூப் போட்டா?"

"போடலாம். ஆனா அது வேற கண்ணாடில்ல?" என்றார் பாய். அவருக்கும் விஷயம் தெரியும்.

ஒரு தடவை! தெரு எப்படிப் பரபரத்தது என்கிறீர்கள்! துபாயில் இருக்கிறவர்கள், பம்பாயில் இருக்கிறவர்கள், சென்னையில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாருக்கும் போன் போனது, கடைசிச் சனிக்கிழமைக்கு வந்துவிடுங்கள் என்று. சாமியார் தாமாகவே மறைக்கல்வியை மாற்றி வைத்தார். சாக்பீஸ் குறிகளைப் பெயிண்ட்டால் எழுதினார்கள். ரொசாலி சேலை எடுத்தாள், புருஷன் போன பிறகு எடுத்த முதல் கலர் சேலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, ரெஜினாள் வாசல் கதவைத் தாழ்போட்டாள்.

"ஏட்டி, அதைப் போடு."

"எம்மா, நாளைக்கு ஊரே வருது. இன்னைக்குப் போட்டா நாளைக்கு ஒண்ணும் இருக்காது."

"ஊரு பதினேழு வருஷம் பாத்தாச்சு. நீ பாத்தியா?"

பெனிட்டா தாழ்போட்ட கதவைப் பார்த்தாள்.

"அணைக்கிறது நான்" என்றாள் ரெஜினாள். "என் கையும் அந்தச் சுவிட்சுல ஒரு நாள் பட்டிருக்கு. ஊர்ல எல்லாக் கையையும் வச்சுப் பாத்தாங்களே, என் கையை யாராவது கேட்டாங்களா? பயந்துக்கிட்டுக் கேக்கல. நானும் பயந்துக்கிட்டுத்தான் குடுக்கல. என் கைக்கு அந்த ஞாயித்துக்கிழமை வராது. எது வரும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"நேர்ச்சை இருக்கேம்மா."

"மாதாகிட்ட நான் பேசிக்கிடுதேன். அவன் எந்திரிச்சுப் போனப்ப முகம் எப்படி இருந்துச்சு, எனக்கு அது தெரியணும். கோவத்தோட போனானா, அழுதுக்கிட்டுப் போனானா, என்னை வஞ்சுக்கிட்டுப் போனானா. முதுகைத்தான் பாத்தேன் நான். இருபத்தி நாலு வருஷமா அந்த முதுகுதான். நீ பாத்துச் சொல்லு."

நாளைக்கு வரப்போகிறவர்களை நினைத்து, ரொசாலியின் சேலையை நினைத்து, பெனிட்டா சுவிட்சுக்குப் போன கையை ஒரு தடவை இழுத்துக்கொண்டாள். ஆனாலும் போட்டாள். பொய் சொல்வானேன், அம்மாவுக்காக மட்டும் போடவில்லை. படம் ஒரு புகைமூட்டமாக வந்தது, ஆரஞ்சு எழுத்து வந்தது. எழுபத்தி ரெண்டு வயசில், மூட்டுவலியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி, ரெஜினாள் மேசைக்கு அடியில் போனாள். பெனிட்டா வாழ்க்கையில் முதல் தடவையாக, அணையப்போகிற கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"அமுக்கட்டா?"

"அமுக்கும்மா."

படம் சுருங்கி ஒரு புள்ளியாகிப் போனது. கண்ணாடி சடசடவென்றது, அவள் கைமயிர் எழுந்து நின்றது. அப்புறம் ஒரு மத்தியான வெளிச்சம் வந்தது. சுவரில் பழைய காலண்டர், தரையில் மீன் பை, நாற்காலியில் ஒரே ஒரு ஆள். உட்கார்ந்திருந்ததால் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. இப்போதுதான் முளைக்கிற மீசை, மூக்கோரத்தில் ஒரு பரு, சேர்ந்த புருவம், கீழ்ப்பல் ஒன்று கொஞ்சம் முன்னால். இதுதான், இதுதான் டெரன்ஸ். இவ்வளவு சின்னப் பையனா இவன் என்று பெனிட்டாவுக்கு இருந்தது. அவளுக்கு அவன் எப்போதும் பெரியவன்.

முதலில் கோபம்தான். வாயைத் திறந்து ஏதோ கத்தினான். சட்டென்று கீழே குனிந்து பார்த்தான். அங்கே அம்மா குனிந்தவாக்கில், முந்தானை மேசை ஆணியில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் வர முடியாமல் பின்னாலும் போக முடியாமல் திட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அப்பாவிடம் அம்மா ஒரு தடவை அப்படித்தான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தான். தோள் குலுங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தமில்லாமல் சிரித்தான். அம்மா எழுகிற நேரம் என்று தெரிந்ததும் முகத்தைத் துடைத்து, வேண்டுமென்றே ஒரு உம்மென்ற முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுந்து திரும்பி நடந்தான்.

பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி செத்துப்போனது.

"பாத்தியாட்டி?" மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கோவமா இருந்தானா?"

"சிரிச்சான்மா." பெனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள். "உன் முந்தானை ஆணியில மாட்டிக்கிச்சுல்ல, அதைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். நீ பாக்கக்கூடாதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனான். அவ்வளவுதாம்மா."

ரெஜினாள் அடியில் இருந்தபடியே கேட்டாள்.

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

"முந்தானை மாட்டினதை நான் உங்கப்பாட்டச் சொல்லியிருக்கேன். நீ கேட்டிருப்ப." கையை ஊன்றி மெதுவாக வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உனக்கு எம்மேல பாசம் ஜாஸ்தி, நீ வேற என்னத்தச் சொல்லுவ?"

சனிக்கிழமை தெரு வந்தது. பெனிட்டா வாசலிலேயே நடந்ததைச் சொன்னாள். சிலர் ஏசினார்கள், துபாயிலிருந்து வந்தவன் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தான். ரொசாலி மட்டும் உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றாள். அவளைப் பார்த்து ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள், அவரவர் குறியில் நின்றார்கள், செத்த கண்ணாடியைப் பார்த்து அந்த ராகத்தில் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள், முடிந்ததும் போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். பெனிட்டாவும் பல்பை அணைக்கவில்லை, வாரம் ஒரு தடவை தூசி தட்டுகிறாள், விசிறிக்கு எண்ணெய் விடுகிறாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ரெஜினாள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாரும் போன பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்பாள். பெனிட்டா சொல்லுவாள், பருவிலிருந்து பல்வரை. ரெஜினாள் கண்கொட்டாமல் மகள் முகத்தைப் பார்ப்பாள், எங்கேயாவது பிசகுகிறதா என்று. பிசகாது, பிசகாததாலேயே இன்னும் நம்பமாட்டாள். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. ஒரு வருஷம் இப்படி ஓடியது.

இந்த மார்ச்சில், டெரன்ஸ் போன தேதிக்கு மறுநாள் மத்தியானம், ரெஜினாள் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"நீ எனக்காகப் பொய் சொல்லுத. தப்பில்ல. ஆனா நான் இதோட சாகமுடியாதுட்டி. அவன் கோவமாப் போயிருந்தா நான் அவங்கிட்ட மன்னிப்புக் கேப்பேன், அழுது தீத்துருவேன். நீ சிரிச்சான் சிரிச்சான்னா நான் எதுக்கு அழ? ஒரு தடவை, ஒரே தடவை உள்ளதைச் சொல்லு."

பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். சிரிக்கிற முகம் அவள் கண்ணுக்குள் அப்படியே இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க.

"கோவமாத்தாம்மா இருந்தான்" என்றாள். "உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்படிச் சொல்லு" என்றாள் ரெஜினாள். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் மகன் பேரைச் சொல்லி, என்னை மன்னிச்சிருய்யா, மன்னிச்சிருய்யா என்று மாரில் அடித்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷத்தில் அழாத அழுகையை எல்லாம் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, பசிக்குது, என்ன இருக்கு என்று கேட்டாள். பெனிட்டா கஞ்சியும் கருவாடும் எடுத்துவைத்தாள். ரெஜினாள் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே படுத்து அசந்து தூங்கினாள். டெரன்ஸ் சிரித்துக்கொண்டே போனான் என்பது இனிமேல் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபடி, பெனிட்டா அம்மாவின் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.